விற்கத்தக்கதும் விற்கத்தகாததும்: சர்வதேசக் கார்பன் சந்தை குறித்து இத்தலார் வட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளின் நிலைப்பாடு

நீலகிரி மலையின் இத்தலாரிலும் அதைச் சூழ்ந்த ஹட்டிகள் என்னும் சிற்றூர்களிலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று தேயிலை வைத்து, பள்ளத்து நிலங்களில் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிட்டு ஜீவனம் செய்துவரும் சிறு விவசாயிகளின் சங்கமாகிய நாங்கள், பசுந்தேயிலையின் விலை, உரத்தின் விலை, காட்டெருமைகளால் நேரும் சேதம் முதலான அன்றாட விவகாரங்களைப் பற்றியே பெரும்பாலும் அபிப்பிராயம் தெரிவித்து வந்திருக்கிறோம். ஆயினும், கரியமில வாயு முதலியவற்றின் உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களைத் தீட்டி, அவற்றின் பலனைக் கார்பன் வரவு என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு விற்பது என்னும் யோசனை அரசாங்க அலுவலகங்களின் எல்லையைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்தின் வரப்பு வரைக்கும் வந்துவிட்டபடியால், அதைக் குறித்து எமது நிலை இன்னதென்று உறுப்பினர்களுக்கும் பொதுமக்களுக்கும் அதிகாரிகளுக்கும் தெளிவாக அறிவிப்பது கடமையாகிறது.

இச்சந்தையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால், சொற்பச் செலவில் நாமே செய்துகொள்ளக்கூடிய குறைப்பை அந்நிய தேசங்களுக்கு விற்கலாகாது என்றும், நமது சக்திக்கு மீறிய மூலதனம் கேட்கும் குறைப்பையே விற்கலாம் என்றும், அவ்வாறு விற்ற பணத்தில் விவசாயியின் பங்கு தொடக்கத்திலேயே எழுத்து மூலம் நிர்ணயிக்கப்பட வேண்டும் என்றும் கருதுகிறோம். இவ்வபிப்பிராயத்துக்கு நாங்கள் வந்த காரணங்களைக் கீழே விவரிக்கிறோம்.

சந்தையின் இயல்பு

2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஆறாவது பிரிவு, ஒரு தேசத்தில் நிகழ்ந்த உமிழ்வுக் குறைப்பை மற்றொரு தேசம் விலைக்கு வாங்கித் தன் வாக்குறுதியின் கணக்கில் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. இதற்குரிய விதிகள் 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பெரும்பாலும் வகுக்கப்பட்டு, 2024-இல் பாக்கு மாநாட்டில் பூர்த்தியாயின. இரு தேசங்கள் தமக்குள் நேரே உடன்படிக்கை செய்துகொள்வது ஒரு வழி. ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் நடப்பது மற்றொரு வழி. எவ்வழியாயினும், வாங்கிய தேசம் எந்த டன்னைத் தன் கணக்கில் வரவு வைக்கிறதோ, அந்த டன்னை விற்ற தேசம் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஒரே மூட்டைப் பசுந்தேயிலையை இரண்டு தொழிற்சாலைகளின் தராசில் ஏற்றி இரண்டு ரசீது வாங்க இயலாதது போன்றதே இவ்விதி. இது நியாயமான விதி என்பதில் எங்களுக்கு ஆக்ஷேபம் இல்லை.

இந்நியாயத்தின் மறுபக்கத்தையே நமது ஜனங்கள் சிந்திக்க வேண்டும். நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஒவ்வோர் அலகுக்கும் நேரும் உமிழ்வை, 2005-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா உலகத்துக்கு வாக்களித்திருக்கிறது. சுலபமான குறைப்புகளையெல்லாம் இன்று சொற்ப விலைக்கு விற்றுவிட்டால், அவ்வாக்கை நிறைவேற்றும் பொருட்டு எஞ்சிய கடினமான குறைப்புகளை நாளை நமது பிள்ளைகள் தம் சொந்தச் செலவில் செய்ய நேரிடும்.

விலை நிலையானது என்று நம்புவதற்கும் இடமில்லை. 1997-ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை ஏற்படுத்திய தூய வளர்ச்சி முறையில், முப்பந்தல் பகுதியின் காற்றாலைகள் உள்படத் தமிழ்நாட்டின் பல திட்டங்கள் பதிவாயின. 2008-இல் ஒரு டன்னுக்கு 20 யூரோவுக்கு மேல் விற்ற அந்த வரவு, 2012-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. தேயிலையின் விலை வீழ்ச்சியைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு அனுபவித்த இம்மலை மக்களுக்கு, விலை இவ்வாறு விழக்கூடிய மற்றொரு சரக்கை நம்பிக் கடன் வாங்குவது எத்தகையது என்று விரித்துச் சொல்ல அவசியமில்லை.

மத்திய அரசு இவ்விஷயத்தில் நிதானமாகவே நடந்திருக்கிறது. இரு தேச உடன்படிக்கை வழியில் விற்கத்தக்கவை என 2023 பிப்ரவரியில் அது அறிவித்த 13 இனங்களில், சேமிப்புடன் கூடிய புதுப்பிக்கத்தக்க மின்சாரம், கடற்காற்று மின்சாரம், பசுமை ஹைட்ரஜன், அழுத்தப்பட்ட உயிர்வாயு, உயர்தர எரிசக்திச் சிக்கனத் தொழில்நுட்பம் முதலியன இடம் பெற்றன. மரம் நடுதலும் சாதாரண விவசாய முறைகளும் இடம் பெறவில்லை. 2025 ஆகஸ்டில் ஜப்பானுடன் கூட்டு வரவு முறைக்கான உடன்படிக்கையும் ஏற்பட்டது. மேற்படி பட்டியல் முதல் மூன்றாண்டுகளுக்கு உரியதென்றும் பின்னர் திருத்தத்தக்கதென்றும் அரசே கூறியிருப்பதால், அதைப் பற்றிப் பேசும் உரிமை எமக்கும் உண்டு.

தொழிற்சாலை அடுப்பு

உமிழ்வு என்பது எமது ஊரில் எங்கே நிகழ்கிறது என்று கேட்பவர்களை முதலில் தேயிலைத் தொழிற்சாலையின் ஏர் ஹீட்டருக்கு அழைத்துச் செல்வோம். ஒரு கிலோ தூள் தயாராக நாலரைக் கிலோவுக்குச் சற்றேறக்குறையப் பசுந்தேயிலை வேண்டும். அந்த இலையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். அத்தண்ணீரை ஓட்டுவதற்காக நூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பக் காற்றை டிரையருக்குள் இடைவிடாமல் செலுத்த வேண்டியிருப்பதால், கொழுந்து மிகுந்த மாதங்களில் இரவெல்லாம் அடுப்பு எரிகிறது. மழைக்காலத்தில் லாரியிலிருந்து இறக்கிய ஈர விறகையே அப்படியே அடுப்பில் தள்ளும்போது வெப்பத்தில் ஒரு பகுதி விறகின் ஈரத்தைப் போக்குவதிலேயே செலவாகி, புகைபோக்கியில் வெண்புகையாக வெளியேறுவதை எவரும் காணலாம்.

விறகைப் பிளந்து கொட்டகையில் சில வாரம் உலர்த்துவதற்கும், வெப்பக் காற்றுக் குழாய்களின் ஒழுக்கை அடைப்பதற்கும் அந்நிய மூலதனம் தேவையில்லை. தென்னிந்தியச் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளின் எரிசக்திச் சிக்கனத்துக்காகத் தேயிலை வாரியமும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திய திட்டம் இவ்வழிகளை முன்னரே காட்டிவிட்டது. விறகுச் செலவு மிச்சமாவதே அதற்குப் போதிய ஊதியமாதலால், கார்பன் வரவு இல்லாவிட்டால் இது நடந்திராது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது; அவ்வாறு சொல்ல முடியாததை விற்பது நேர்மையன்று.

மேலும் ஒரு விஷயத்தை மறைக்காமல் கூற விரும்புகிறோம். எமது அடுப்புகளில் எரியும் விறகில் பெரும் பகுதி, தோட்டத்து நிழலுக்கென நட்ட சில்வர் ஓக்கும், வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும் கற்பூர மரமுமாகும். மறுபடி வளரும் மரத்தை எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயுவை அம்மரமே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மீளாமல் அழியும் காட்டு விறகின் பங்கை மட்டுமே குறைப்பாகக் கணக்கிட வேண்டும். எரித்த விறகு முழுவதையும் கணக்கில் ஏற்றிப் பெரிய தொகை காட்டும் திட்டத் தரகர் எவரேனும் வந்தால், அவருடைய கணக்கை நம்ப வேண்டாம்.

ஆனால், விறகையே கைவிட்டு, வெப்பப் பம்பாலும் சேமிப்புடன் கூடிய சூரிய வெப்பத்தாலும் இலையை உலர்த்துவது வேறு காரியம். மாதந்தோறும் பசுந்தேயிலைக்குப் பட்டுவாடா செய்வதற்கே திண்டாடும் தொழிற்சாலையால் அம்மூலதனத்தைத் திரட்ட இயலாது. 1965-இல் தோன்றிய இண்ட்கோசர்வ் இணையத்தின் கீழ், இத்தலாரில் உள்ளது உள்பட, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பதினாறும், அவற்றைச் சார்ந்த ஏறக்குறைய முப்பதாயிரம் சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். தனித்தனியே அற்பமாகத் தோன்றும் குறைப்பும் பதினாறையும் ஒரே திட்டமாகத் தொகுத்தால் அளந்து, சரிபார்த்து, விற்கத்தக்க அளவை எய்தும். கென்யாவில் சிறு விவசாயிகளுக்குச் சொந்தமான தேயிலைத் தொழிற்சாலைகள் ஒன்றுகூடிச் சிறு நீர்மின் நிலையங்களை நிறுவியிருப்பது இதற்குத் தக்க முன்னுதாரணம்.

அணைகளும் புல்வெளிகளும்

வெளிநாட்டு ஒத்துழைப்பு இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியுடன் 1950-களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் பயனாகவே எமரால்டு, அவலாஞ்சி அணைகள் எழுந்தன. இன்று அவ்விரு அணைகளின் நீரைப் போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, மின்தேவை மிகும் வேளையில் கீழே விட்டு 500 மெகாவாட் பெறும் நீரேற்று மின் திட்டத்தை மாநில மின்வாரியம் அமைத்து வருகிறது. சேமிப்புடன் கூடிய மின்சாரம் மத்திய அரசின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதால் இத்தகைய திட்டங்கள் மீது சந்தையின் பார்வை விழுவது இயல்பே. எனினும், பொதுப்பணத்தில் கட்டத் தொடங்கிவிட்ட ஒன்றைக் கார்பன் வரவின் விளைவு என்று பின்னர் பெயரிடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். 1,000 மெகாவாட்டுக்கு உத்தேசிக்கப்பட்டு, விளைநிலம் மூழ்கும் என்ற அச்சத்தால் விவசாயிகளின் எதிர்ப்புக்கு உள்ளாகியிருக்கும் சில்லஹல்லா போன்ற திட்டங்களுக்கோ, கிராம சபைகளின் சம்மதம் இன்றிக் கார்பன் வரவைப் பற்றிய பேச்சே எழக்கூடாது.

கார்பன் வரவுக்காகப் புல்வெளியில் மரம் நடும் விஷயத்தில் எமது நிலை இன்னும் கண்டிப்பானது. சோலையும் புல்வெளியும் கலந்த இம்மலை முகடுகளில், 1840-கள் முதற்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூரமும் சீகையும் நடப்பட்டு, சுதந்திரத்துக்குப் பிறகும் வனத்துறையால் பெருமளவில் பரப்பப்பட்டன. வெற்று நிலம் என்று எண்ணி அன்று மூடிய புல்வெளியை மீட்கும் பொருட்டு இன்று அதே சீகையை வெட்டி அகற்றும் வேலை நடக்கிறது. மழைநீரை ஏந்தி ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுவதும், தன் மண்ணுக்குள் கார்பனைச் சேமித்து வைத்திருப்பதும் அப்புல்வெளியே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைக் கண்ட நாங்கள், இச்சரிவுகளின் மேற்பரப்பைச் சந்தைக்காக மீண்டுமொரு முறை பரிசோதனைக்கு உட்படுத்த ஒருபோதும் உடன்படமாட்டோம்.

எமது நிலைப்பாடு

1. விறகு உலர்த்தல், கசிவு தடுத்தல், மோட்டார் மாற்றுதல் போன்ற எளிய சிக்கனங்களை நமது செலவிலேயே செய்துகொள்வோம். அவற்றின் பலன் இந்தியாவின் கணக்கிலேயே நிற்க வேண்டும்.

2. தேயிலைக்கு இடும் தழைச்சத்து உரத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 273 மடங்கு வெப்பமூட்டுவதாகும். மண் பரிசோதனைப்படி உரத்தைக் குறைப்பதற்குரிய ஊக்கத்தொகை, 2023-இல் அறிவிக்கப்பட்ட உள்நாட்டுக் கார்பன் வரவு வணிகத் திட்டத்தின் வழியே விவசாயிக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

3. கூட்டுறவுத் தொழிற்சாலைகளை விறகிலிருந்து விடுவிக்கும் உயர்தர வெப்பத் தொழில்நுட்பமும், காய்கறிக் கழிவிலிருந்து அழுத்தப்பட்ட உயிர்வாயு தயாரித்தலும் சர்வதேச விற்பனைக்கு உகந்தவை. உறைபனிக் காலத்தில் உயிர்வாயுக் கலனின் வேலை மந்தப்படும் இக்குளிர் பிரதேசத்தில் அதற்கு நேரும் கூடுதல் செலவும் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும்.

4. புல்வெளி, சோலை, சதுப்பு ஆகியவற்றில் கார்பன் வரவுக்காக மரம் நடுதல் எவ்வகையிலும் கூடாது.

5. வரவின் உரிமை யாருக்கு, பங்கு எவ்வளவு, விலை வீழ்ந்தால் நஷ்டம் யாருக்கு என்பவை தமிழில் எழுதப்பட்டு, சங்கத்தின் பொதுக்குழுவில் வாசிக்கப்பட்ட பின்னரே எத்திட்டமும் தொடங்கப்பட வேண்டும். தரகுச் செலவும் சரிபார்ப்புச் செலவும் போக மிஞ்சுவது விவசாயிக்கு என்பதை ஏற்க இயலாது; விவசாயியின் பங்கை முதலில் ஒதுக்க வேண்டும்.

வேண்டுகோள்

பட்டியலைத் திருத்தும்போது சிறு தொழிற்சாலைகளின் தொகுப்புத் திட்டங்களுக்கு இடமளிக்குமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தையும், பதினாறு தொழிற்சாலைகளின் எரிபொருள் கணக்கை ஒரே முறையில் எடுத்துப் பிரசுரிக்குமாறு இண்ட்கோசர்வ் நிர்வாகத்தையும் தேயிலை வாரியத்தையும், கிராம சபையின் சம்மதத்தை ஒவ்வொரு திட்டத்துக்கும் முன்நிபந்தனையாக்குமாறு மாநில அரசையும் கேட்டுக்கொள்கிறோம்.

எமது உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தின் பட்டா நகலையும் கையொப்பத்தையும் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும் எந்தக் கார்பன் ஒப்பந்தத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்; காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், எல்லோரும் சேர்ந்து படித்த பின் முடிவு செய்வோம்.