காற்று கொணர்ந்த மார்க்கம்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். அப்பகுதியிலேயே உள்ள பனமலைக்குச் செல்வோர் மிகச் சிலர். குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலையும், அதிலுள்ள உமையம்மையின் வண்ண ஓவியத்தையும் கலை வல்லார் போற்றுவர். தமிழகத்தில் இஸ்லாம் பரவிய வரலாற்றை ஆராய்வோரும் அக்குன்றை ஒருமுறை நினைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் உண்டு. கி.பி. 720இல் அம்மன்னன் சீனப் பேரரசன் அவைக்குத் தூது விடுத்தான். தன் யானைப் படையாலும் குதிரைப் படையாலும் அரபியரையும் திபெத்தியரையும் ஒறுக்க விரும்புவதாக அவன் தெரிவித்தான் எனச் சீன அரசக் குறிப்புகள் பகர்கின்றன. முகம்மது பின் காசிம் சிந்துவை வென்று பத்தாண்டு கூட நிறையாத காலம் அது. ஆயினும் பல்லவர் கரையில் அரபியரோடு போர் நிகழ்ந்ததற்குச் சான்று ஏதும் இல்லை. சீனத்துக் கடல் வாணிகத்தை நாடிய மன்னன் சீனர் செவிக்கு இனியதைச் சொன்னான் என்று கொள்வதே பொருந்தும். திருச்சிராப்பள்ளிக் கோட்டை இரயில் நிலையத்தருகே உள்ள சிறு கற்பள்ளிவாசல் ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734ஆம் ஆண்டினது என்பர். அதனை ஏற்போமாயின், இராசசிம்மன் காலத்தை ஒட்டியே காவிரிக் கரையில் பாங்கொலி எழுந்தது என்க.

அவர்களைக் கொணர்ந்தது காற்று. தென்மேற்குக் காற்றில் வந்த கலம், வடகிழக்குக் காற்று எழும் வரை திரும்ப இயலாது. காற்றின் பருவத்தைக் குறிக்க அரபியர் வழங்கிய ‘மவ்ஸிம்’ என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் ‘மான்சூன்’ ஆயிற்று. இராமேசுவரத்தை அடுத்த கடலோ ஆழமற்றது. பெருங்கலத்துச் சரக்கை இறக்கிச் சிறு தோணிகளில் ஏற்றியாக வேண்டும். கரையிலேயே மாதக்கணக்கில் தங்கினர், கடன் கொடுத்தனர், வாங்கினர், பெண் கொண்டனர். கீழக்கரையும் காயலும் இவ்வாறு வளர்ந்த துறைகளே. தமிழகத்தின் கீழ்க்கரையை அரபியர் ‘மஅபர்’, கடக்கும் இடம் என்று அழைத்ததும் எண்ணத்தக்கது.

வாணிகம் மட்டுமே மார்க்கத்தைப் பரப்பிவிடுமா என்று வினவலாம். அரிக்கமேட்டில் உரோமரும் வணிகம் செய்தனர். அவர்தம் தெய்வங்கள் இங்கு வேரூன்றவில்லையே! இஸ்லாமியத் தொழுகைக்குத் தனிப் புரோகிதர் வேண்டா. கப்பலில் வந்த எவரும் முன்னின்று நடத்தலாம். குறைஷியரின் குளிர்கால, கோடைக்காலப் பயணங்களைத் திருமறையே 106ஆம் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. வணிகரிடையே பிறந்த மார்க்கம் வணிகரோடு பயணம் செய்ததில் வியப்பில்லை.

தமிழ் மண் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. பாண்டியர்க்கோ குதிரை இன்றியமையாதது. மஅபருக்கு ஆண்டுதோறும் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். எண் மிகையாகலாம், தேவை மிகையன்று. தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியன் அவையில் அமைச்சராகவே உயர்ந்தார். சோனகர் பள்ளிக்குப் பாண்டியன் நிலம் அளித்த செய்தியை, 13ஆம் நூற்றாண்டில், திருப்புல்லாணித் திருமால் கோயிற் கல்வெட்டே கூறுகிறது.

வாளே வரவில்லை என்று நம்மவர் சிலர் எழுதுவதும் மெய்யன்று. 1311இல் மாலிக் காபூர் வந்தார். பின்னர் மதுரையில் சுல்தான்கள் ஆண்டனர். ஆனால் தில்லிப் படை வந்தபோது பாண்டியன் படையிலும் முஸ்லிம்கள் இருந்தனர் என்று, காபூரின் வெற்றியைப் பாடிய அமீர் குஸ்ருவே குறிக்கிறார். படையெடுப்பை வருகையின் தொடக்கமாகக் கொள்வோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

செஞ்சி 1649இல் பீஜப்பூர் வசமாயிற்று; கோட்டையிலுள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசல் 18ஆம் நூற்றாண்டினது. பனமலைக் கோயிலுக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள். ‘நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?’ என்று நம் மாணவரைக் கேட்போர் பலரும் கோட்டையை மனத்தில் வைத்தே கேட்கின்றனர். நம் மாணவரும் அங்கிருந்தே விடை தேடுகின்றனர். தமிழ் பயிலும் அவர்கள் முதலில் படிக்க வேண்டியது திருப்புல்லாணிக் கல்வெட்டு; அது தமிழில்தான் இருக்கிறது.