முழங்கால் ஜவ்வு கிழிந்தால் என்ன அறிகுறி? கும்மிடிப்பூண்டி தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

முழங்கால் ஜவ்வு கிழிவுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயது கால்பந்து வீராங்கனை, 2022 நவம்பர் 15-ல் சென்னையில் உயிரிழந்தார். இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு, அவரது கால் அகற்றப்பட்டிருந்தது. இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

மைதானத்தில் மட்டுமல்ல, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூட்டை தூக்கும்போது கால் வழுக்கித் திருகினாலும் இதே ஜவ்வு கிழியலாம்.

எப்படித் தெரிஞ்சுக்கிறது?

* அடிபட்ட நொடியில் 'டப்'னு சத்தம்
* சில மணி நேரத்திலேயே வீக்கம்
* படி இறங்கும்போது, திரும்பும்போது முட்டி நழுவுற மாதிரி உணர்வு

எக்ஸ்ரே நார்மல் என்றால் போதுமா?

போதாது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். "புத்தூர் கட்டு போட்டா சரியாகிடும்"னு விட்டுடாதீங்க. வீக்கம் வடிஞ்சதும் வேலைக்குப் போனால், முட்டி மறுபடி மடங்கி குருத்தெலும்பும் சேதமாகலாம்.

கட்டு போட்ட பிறகு?

விரல் மரத்தாலோ, நீலமானாலோ, சில்லிட்டாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்காதீங்க. உடனே மருத்துவமனைக்குப் போங்க.

சம்பளம் என்னாகும்?

வேலையில் அடிபட்டால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்க. இஎஸ்ஐ-யில் பணியிடக் காயத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்பு என்றால் 70 சதவீதம்தான்.