வரி வாங்கத் தெரிந்த சர்க்காருக்குக் காவல் காக்கத் தெரியாதா?

2025 அக்டோபரில் சென்னை ஹைகோர்ட்டு ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஓசூர் சிப்காட் தொழிலாளியும், சூளகிரி, தளி, கெலமங்கலம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளியும் அதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சென்னையிலுள்ள பாங்குக் கணக்கிலிருந்து 1,98,516 ரூபாய் செலுத்தி, ஒரு பெண்மணி 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தையில் 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கினார். அதே ஆண்டு ஜூலை 18ஆம் தேதி அந்தச் சந்தையில் கன்னம் வைத்தார்கள். சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய், பறிபோயிற்று. களவு போனது வேறு வகை நாணயம். ஆனால் கம்பெனி எல்லோருடைய கணக்கையும் முடக்கியது. நஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது.

கிடங்கில் ஐந்து பேர் மூட்டை போட்டிருக்கிறார்கள். திருடன் ராகி மூட்டைகளைத் தூக்கிப் போய்விட்டான். கிடங்குக்காரனோ துவரை போட்டவனைப் பார்த்து, "உன் மூட்டையையும் பிரித்துப் பங்கு போடுவேன்" என்கிறான். இது எந்த ஊர் நியாயம்? ஹைகோர்ட்டு இந்த நியாயத்தை ஏற்கவில்லை. கிரிப்டோ நாணயம் கையால் தொடக்கூடிய பொருள் அல்ல. சர்க்கார் வெளியிட்ட பணமும் அல்ல. ஆயினும் அது சொத்து. பிறரை நம்பி ஒப்படைக்கக்கூடிய சொத்து என்று கூறியது. வழக்கு முடியும் வரை அந்தப் பெண்மணியின் பணத்துக்கு ஈடு கட்டும்படி கம்பெனிக்கு உத்தரவிட்டது.

நல்ல உத்தரவுதான். ஆனால் இது ஒருவருடைய வழக்கில் கிடைத்த இடைக்காலப் பாதுகாப்பு. வக்கீல் வைத்து ஹைகோர்ட்டுப் படி ஏற முடிந்தவருக்குக் கிடைத்தது. காண்டிராக்டு கூலிக்கு மூன்று ஷிப்டும் மாறி மாறி உழைக்கிறவனுக்கு யார் வக்கீல்? ரோஜாத் தோட்டத்தில் விடியுமுன் பூப்பறிக்கும் பெண்ணுக்கு யார் வக்கீல்? ஹைகோர்ட்டு வரை போய்த்தான் ஒருவர் தன் சொத்தைத் தன் சொத்து என்று நிரூபிக்க வேண்டுமென்றால், பார்லிமெண்டு எதற்காக இருக்கிறது?

"கிரிப்டோ பணக்காரன் விளையாட்டு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே ஷிப்டு பஸ் பிடிக்கிறவனின் கையில் செல்போன் இருக்கிறது. அந்தச் செல்போன் வழியாகத்தான் இந்த விளையாட்டு அவன் வீட்டுக்குள் நுழைகிறது. வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த செட்டில்மெண்டு, சீட்டு எடுத்த பணம், மாங்காய் விற்ற பணம், மனைவியின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த பணம் ஆகியவற்றைத்தான் குறி வைக்கிறார்கள். கூலி போதாதவனிடம்தான் ஆசை வார்த்தை விலைபோகும். ஆகவே ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிப்பது நம் வேலையல்ல.

"தினம் 1 சதவிகிதம் லாபம்" என்பார்கள். காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். 1 லட்சம் ரூபாய், தினம் 1 சதவிகிதம், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஓராண்டில் ஏறத்தாழ 37 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும். எந்த மில்லில் இப்படி நூல் விளையும்? எந்தத் தோப்பில் இப்படி மாங்காய் காய்க்கும்? பின்னால் சேருகிறவனின் பணத்தை எடுத்து முன்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்தாலொழிய இது நடவாது. பின்னால் வர ஆள் தீர்ந்த அன்று கடை மூடப்படும்.

இங்கே இரண்டு சங்கதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நாணயச் சந்தைக் கம்பெனி. இது நாணயத்தை வாங்கி விற்க இடம் கொடுக்கிறது. நம் பணத்தையும் நாணயத்தையும் தன் பெட்டியில் வைத்துக்கொள்கிறது. சாவி அதன் கையில்.

இரண்டாவது, பங்கு டோக்கன். கேண்டீன் டோக்கன் நமக்குத் தெரியும். கொடுத்தால் சாப்பாடு வரும். பங்கு டோக்கன் என்பது நிலத்திலோ, கட்டடத்திலோ, வியாபாரத்திலோ உனக்குப் பங்கு உண்டு, லாபம் வரும் என்று சொல்லி விற்கும் கம்ப்யூட்டர் சீட்டு. பெயர்தான் புதிது. 1946ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. புளோரிடாவில் ஆரஞ்சுத் தோப்பைத் துண்டு துண்டாக விற்று, "நீங்கள் பணம் போடுங்கள், நாங்கள் விளைவித்து லாபம் தருகிறோம்" என்று ஒரு கம்பெனி பணம் திரட்டியது. விற்றது நிலம் அல்ல, முதலீட்டுப் பத்திரம். ஆகவே பத்திரச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1990களில் தமிழ்நாட்டில் தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் திரட்டினார்கள். 2012ல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் கவிழ்ந்தன. ஆரஞ்சு, தேக்கு, ஈமு, டோக்கன், எதுவானால் என்ன? பலரிடம் பணம் திரட்டி, நிர்வாகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, லாபம் தருவதாகச் சொன்னால் அது கூட்டு முதலீட்டுத் திட்டம். செபி சட்டத்தின் 11ஏஏ பிரிவு இதைத்தான் சொல்கிறது. செபியில் பதிவு செய்யாமல் இப்படிப் பணம் திரட்டுவது சட்டவிரோதம்.

அப்படியானால் சந்தைக் கம்பெனிகளுக்கு என்ன சட்டம்?

2018 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு, கிரிப்டோ கம்பெனிகளோடு பாங்குகள் வரவு செலவு வைக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2021 குளிர்காலக் கூட்டத் தொடரில் கிரிப்டோ மசோதா வருகிறது என்று பார்லிமெண்டுக் காரியப் பட்டியலில் போட்டார்கள்; தாக்கல் செய்யவில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவிகிதம் வரி வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும்போதே 1 சதவிகிதம் பிடித்தமும் வந்துவிட்டது. ஒரு நாணயத்தில் 10,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 10,000 ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். கைக்கு வந்தது சைபர். நஷ்டத்தைக் கழிக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே 3,000 ரூபாய் வரி, அதற்கு மேல் செஸ்!

2023 மார்ச் 7ஆம் தேதி இன்னொரு அறிவிக்கை. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சந்தைக் கம்பெனிகள் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் யார் என்று விசாரித்துப் பதிவேடு வைக்க வேண்டும். சந்தேகமான வரவு செலவைத் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்யாத ஒன்பது அன்னியக் கம்பெனிகளுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் நோட்டீசு போயிற்று. பைனான்ஸ் கம்பெனிக்கு 2024 ஜூனில் 18 கோடியே 82 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

இது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கள்ளப் பணத்தைப் பிடிக்கட்டும். ஆனால் கூர்ந்து பாருங்கள். வரி போவது கஜானாவுக்கு. அபராதம் போவதும் கஜானாவுக்கு. பதிவேடு போவது போலீசுக்கு. சந்தை கவிழ்ந்தால் பணம் போட்டவனுக்கு என்ன போகும்? ஒன்றுமில்லை! "சர்க்காரில் பதிவு பெற்ற கம்பெனி" என்று விளம்பரத்தில் கண்டால் ஏமாற வேண்டாம். அந்தப் பதிவு கள்ளப் பணத்தைக் கண்காணிப்பதற்கு. உன் பணத்துக்கு அது ஜாமீன் அல்ல.

சட்டம் இல்லாததால் என்ன நடக்கிறது? 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் என்ற சந்தையிலும் சுமார் 4 கோடியே 40 லட்சம் டாலர் களவு போயிற்று. அந்த நஷ்டத்தைத் தன் சொந்த நிதியிலிருந்து ஏற்பதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. வாசிர்எக்சோ வாடிக்கையாளர் தலையில் வைத்தது. 15 மாதம் கழித்து, சிங்கப்பூர் கோர்ட்டின் அனுமதியுடன் ஒரு திட்டம் போட்ட பிறகுதான் மறுபடி கடை திறந்தது. ஒரே நாடு, ஒரே தொழில், இரண்டு விதி. உழைப்பாளியின் பணம் முதலாளியின் மனசாட்சியை நம்பியா இருப்பது?

அந்தக் கம்பெனிக்கு முதலாளி யார் என்பதிலேயே தகராறு. 2019ல் பைனான்ஸ் அதை வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. 2022 ஆகஸ்டில், வாங்கும் காரியம் முடியவே இல்லை என்று பைனான்ஸ் தலைவர் சொன்னார். வாங்கியது உண்மையே என்று இவர்கள் சொன்னார்கள். சிப்காட் தொழிலாளிக்கு இந்த வித்தை புதிதல்ல. லாபம் வரும்போது எல்லோரும் முதலாளி. விபத்தில் கை போனால் "அவன் என் ஆள் அல்ல, காண்டிராக்டர் ஆள்" என்பான். கடல் கடந்து நடக்கும் இதே காண்டிராக்டு வித்தைதான் இது.

"இதையெல்லாம் சட்டத்தால் தடுக்க முடியுமா?" என்று அவநம்பிக்கைப்படுகிறவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். 2014ல் மவுண்ட் காக்ஸ் என்ற சந்தை அங்கே கவிழ்ந்தது. ஜப்பான் பாடம் படித்தது. வாடிக்கையாளர் சொத்தைக் கம்பெனிச் சொத்தோடு கலக்காமல் தனியே வைக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. 2022 நவம்பரில் எப்டிஎக்ஸ் என்ற பூதாகாரமான சந்தை உலகம் முழுவதும் திவாலாயிற்று. அதன் முதலாளி வாடிக்கையாளர் பணத்தைத் தன் இன்னொரு கம்பெனியின் சூதாட்டத்துக்குக் கொடுத்திருந்தார். 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மற்ற நாட்டு வாடிக்கையாளர்கள் திவால் கோர்ட்டில் காத்துக் கிடந்தபோது, ஜப்பான் கிளையின் வாடிக்கையாளர்கள் 2023 பிப்ரவரியிலேயே பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு ஷரத்து செய்த வேலை இது.

நம் பகுதிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. குடியிருப்பது ஓசூரில், வேலை பொம்மசந்திரத்தில், கூட்டம் போட்டு ஆள் பிடித்தவன் பெங்களூரில், கம்பெனி எந்தத் தீவிலோ! ஏமாந்தவனை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைய விடுவது எளிது. இதற்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். சென்னை ஹைகோர்ட்டும், பணம் சென்னைக் கணக்கிலிருந்து போயிருக்கிறது, ஆகவே சிங்கப்பூரைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்று கண்டது. ஓசூர் பாங்குக் கிளையிலிருந்து போன பணத்துக்கும் இதே வாதம் பொருந்தும்.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

ஒன்று: கிரிப்டோ சந்தைகளுக்கென்று பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்ற வேண்டும். எந்த அதிகாரி பொறுப்பு என்று அதில் பெயர் சொல்லி எழுத வேண்டும். 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே, ஏன் தெளிவான கொள்கை வகுக்கவில்லை என்று மத்திய சர்க்காரைக் கேட்டிருக்கிறது.

இரண்டு: வாடிக்கையாளர் சொத்தைத் தனியே வைக்க வேண்டும். அதைத் தணிக்கை செய்து கணக்கை வெளியிட வேண்டும். திருட்டு நஷ்டம் முதலில் கம்பெனியின் தலையில் விழ வேண்டும்.

மூன்று: வசூலாகும் அபராதத்தில் ஒரு பகுதி, பணம் இழந்தவர்களின் நிவாரண நிதிக்குப் போக வேண்டும்.

நான்கு: தமிழ்நாடும் கர்நாடகமும் எல்லைப் பகுதிக்குக் கூட்டு விசாரணைப் பிரிவு அமைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் இருக்கிறது. "நாங்கள் டெபாசிட் வாங்கவில்லை, டோக்கன்தான் விற்றோம்" என்று கூறித் தப்புகிறவர்கள் மீது இவை பாய வேண்டும்.

சட்டம் வரும் வரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். யாராவது டோக்கன் விற்க வந்தால், "செபிப் பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். எண் சொன்னால் செபியின் பட்டியலில் ஒத்துப் பாருங்கள். ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் கணக்கு மாறி ஓடிவிடும். பாங்குச் சீட்டு, செல்போனில் வந்த செய்தி, கூட்டத்தில் கொடுத்த நோட்டீசு எதையும் அழிக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்துத் தோழர்களை அழைத்துக்கொண்டு போங்கள். பத்துப் பேர் சேர்ந்து கொடுக்கும் மனுவை எவரும் எளிதில் மேஜைக்கு அடியில் தள்ள முடியாது.

வியர்வை சிந்திச் சேர்த்த காசுக்கு வரி கேட்கும் சர்க்கார், அந்தக் காசுக்குக் காவலும் நிற்க வேண்டும். ஒருவர் ஹைகோர்ட்டில் பெற்ற நியாயத்தை ஒவ்வொரு உழைப்பாளியும் சட்டப் புத்தகத்தில் பெறவேண்டும். அதுவரை இந்தக் கோரிக்கையை ஆலை வாசலிலும் கிராமத்துச் சாவடியிலும் ஓயாமல் எழுப்புவோம்!