நைன்-பால் டபுள்ஸும் ஒரு டுபாக்கூர் சதவீதமும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கிரிக்கெட் பதிவு இல்லை. பூல் பத்தின பதிவு. நீச்சல் குளம் இல்லீங்க, மேஜை மேல குச்சியால பந்தை அடிக்கிற பூல். "இதுக்கெல்லாம் ஒரு பதிவா"ன்னு ஓடிடாதீங்க. நம்பரைக் காட்டி ஆளை ஏமாத்துற வித்தை எல்லா ஊர்லயும் எல்லா ஆட்டத்துலயும் ஒண்ணுதான்.

பிரச்சினை இதுதான். டபுள்ஸ் நைன்-பால் ஆட்டம் எங்கே நடந்தாலும் "இவரோட பிரேக் வெற்றி 80 சதவீதம், அவரோடது வெறும் 40"ன்னு ஒரு பேச்சு கிளம்பும். அதை வச்சு ஒருத்தரைத் தலைமேல தூக்கி வைப்பாங்க, இன்னொருத்தரைப் போட்டுத் தாக்குவாங்க. அந்த சதவீதம் டபுள்ஸைப் பொறுத்தவரைக்கும் சுத்த டுபாக்கூர் என்பது என் கட்சி. ஏன்னு வரிசையா சொல்றேன், அப்புறம் நீங்க கும்முங்க.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு பத்தி. ஒன்பது பந்தை வைர வடிவத்துல அடுக்குவாங்க. 1-ம் பந்து முனையில, 9-ம் பந்து நடுவுல. வெள்ளைப் பந்தால அந்த அடுக்கை உடைக்கிறதுதான் பிரேக். அப்புறம் மேஜையில இருக்கிறதுலயே சின்ன நம்பர் பந்தைத்தான் முதல்ல தொடணும். கடைசியா 9-ஐப் போட்டா அந்த ரேக் உங்களுக்கு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1994-லேருந்து மோதுற மொஸ்கோனி கோப்பையில டபுள்ஸ் ஒரு முக்கியமான பகுதி. 2006-ல வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்டில் ஆரம்பிச்ச உலகக் கோப்பை பூல் முழுக்க முழுக்க டபுள்ஸ்தான், நாட்டுக்கு ரெண்டு பேர்.

இங்கதான் விஷயமே இருக்கு. கேரம் டபுள்ஸ்ல காய் விழுந்தா அதே ஆள்தான் தொடர்ந்து அடிப்பார், இல்லையா? இந்தப் போட்டிகள்ல ஆடுறது ஸ்காட்ச் டபுள்ஸ். பந்து விழுந்தாலும் அடுத்த அடி கூட்டாளிக்குத்தான். மாத்தி மாத்தித்தான் அடிக்கணும். அதாவது, பிரேக் அடிச்சவர் குச்சியை எடுத்துக்கிட்டு ஒதுங்கி நிப்பார். அவர் கலைச்சுப் போட்டதை வச்சுக் குடித்தனம் நடத்த வேண்டியது இன்னொருத்தர்.

ஒண்ணாவது குற்றச்சாட்டு: "பந்து விழுந்தா வெற்றி" என்கிற கணக்கு.

பிரேக்ல 6-ம் பந்து விழுந்துடுச்சு, சபாஷ். ஆனா 1-ம் பந்து 8-க்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. கூட்டாளி வந்து பார்க்கறார். நேரா அடிக்க வழியே இல்லை. ஒண்ணு, சுவத்துல முட்டி ஒரு கிக் அடிக்கணும். இல்லைன்னா புஷ்-அவுட் சொல்லி வெள்ளையை எங்கேயாவது நகர்த்தி வைக்கணும். அதுக்கப்புறம் அந்த இடத்திலிருந்து ஆடறதா, திருப்பித் தள்ளிவிடறதான்னு முடிவு பண்றது எதிரணி. இந்த பிரேக்கும் "வெற்றி" வரிசையில ஏறும்! இன்னொரு பிரேக்ல எதுவுமே விழலை, ஆனா எதிரணிக்கு 1-ம் பந்து கண்ணுக்கே தெரியலை. அது "தோல்வி"யாம். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

பந்து விழறது முக்கியம் இல்லைன்னு நான் சொல்லவரலை. விழலைன்னா மேஜை எதிரணிக்குப் போயிடும், அது பெரிய நஷ்டம்தான். ஆனா விழறது பாதிக் கதை. மீதிக் கதை கூட்டாளிக்கு 1-ம் பந்து கிடைச்சுதாங்கறது. சிங்கிள்ஸ்ல ரெண்டையும் ஒரே ஆள் சுமக்கறதால கணக்கு ஓரளவு நேராயிடும். டபுள்ஸ்ல பாராட்டு ஒருத்தருக்கு, பாரம் இன்னொருத்தருக்கு.

ரெண்டாவது குற்றச்சாட்டு: ஒற்றைப்படை, இரட்டைப்படை.

இதை யாரும் பேசறதே இல்லை. பிரேக்ல ஒரு பந்து விழுந்தா மிச்சம் எட்டு. ஒரு அடிக்கு ஒரு பந்துன்னு போனா கூட்டாளி 1, 3, 5, 7-வது அடிகள். பிரேக் அடிச்சவர் 2, 4, 6, 8. கடைசி 9-ம் பந்து பிரேக் அடிச்சவர் கையில. அதே பிரேக்ல ரெண்டு பந்து விழுந்தா மிச்சம் ஏழு, கடைசி அடி கூட்டாளிக்கு. அதாவது பிரேக்ல எத்தனை விழுதுங்கறது யார் எந்தப் பந்தை அடிக்கணும்ங்கறதையே மாத்துது. அழுத்தமான நேரத்துல 9-க்கு முன்னாடி நிக்கப்போறது யாருங்கறதே அதுல இருக்கு. இதையெல்லாம் "விழுந்தது / விழலை"ன்னு ரெண்டே டப்பாவுல அடைக்கிறது என்ன புள்ளிவிவரம்?

மூணாவது குற்றச்சாட்டு: எண்ணிக்கையே இல்லாத சதவீதம்.

மொஸ்கோனி கோப்பையில வழக்கமா ஒரு ஆட்டம் 5 ரேக்குக்கு. அதிகபட்சம் 9 ரேக். மாத்தி மாத்தி பிரேக் அடிச்சா ஒரு அணிக்கு அதிகமாப் போனா 5 பிரேக். ஒரு பந்து பாக்கெட் ஓரத்துல நின்னுபோனா சதவீதம் 20 புள்ளி இறங்கும்!

கணக்கு போட்டுப் பார்த்தேன். நெஜமாவே 60 சதவீத பிரேக் திறமை உள்ள ஒரு ஜோடின்னு வச்சுக்குவோம். அஞ்சு பிரேக்ல ரெண்டோ அதுக்குக் கீழேயோ வர்றதுக்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 32 சதவீதம். அதாவது மூணு ஆட்டத்துக்கு ஒண்ணுல, எந்தத் தப்பும் பண்ணாமலேயே, திரையில அவங்க "40 சதவீதம்" அல்லது அதுக்கும் கீழ. அஞ்சுக்கு அஞ்சும் விழுந்து "100 சதவீதம்"னு மின்ன 8 சதவீத வாய்ப்பு. சரி, நூறு பிரேக் எடுத்துக்குவோம். அப்பக்கூட மேல கீழ 10 புள்ளி வரைக்கும் சும்மாவே ஆடும்.

"அட, நாள்பட நாள்பட எல்லாம் சமமாயிடும்"னு சொல்றவங்களுக்கு: எந்த நாள்பட? மொஸ்கோனி கோப்பையில ஒரே போட்டிக்குள்ளேயே ஜோடிகள் மாறிக்கிட்டே இருக்கும். உலகக் கோப்பையில தோத்தா மூட்டை கட்டிட்டுக் கிளம்பணும். ஒரு ஜோடிக்கு நூறு பிரேக் சேர்றதுக்குள்ள ஜோடியே இருக்காது.

நாலாவது குற்றச்சாட்டு: ஆப்பிளையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே தராசுல வைக்கிறது.

1-ம் பந்தை ஸ்பாட்ல வச்சு இறுக்கமா அடுக்கினா, ஓரத்துல இருக்கிற விங் பந்து மூலைப் பாக்கெட்டுக்குப் பழக்கப்பட்ட மாடு மாதிரி போகும். 2001 யு.எஸ். ஓப்பன்ல கோரி டூயல் மெல்லமா அடிக்கிற பிரேக்கை வச்சே எல்லாரையும் கிறுகிறுக்க வச்சார். இறுதிப் போட்டியில மிகா இம்மோனனை 11-0. அப்புறம் விதிகள் மாறிச்சு. இத்தனை பந்தாவது கோட்டைத் தாண்டணும், இந்தக் கட்டத்துக்குள்ளிருந்துதான் அடிக்கணும், 9-ம் பந்தைத்தான் ஸ்பாட்ல வைக்கணும்னு காலத்துக்குக் காலம் ஒவ்வொண்ணு. மர முக்கோணத்துல அடுக்கின காலத்து நம்பரையும் மெல்லிய தாள் வச்சு அடுக்குற காலத்து நம்பரையும் ஒரே பட்டியல்ல போட்டு "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு பிரேக் தெரியாது"ன்னா, அது அடுக்குற முறையைப் பத்தின நம்பரே தவிர ஆளைப் பத்தினது இல்லை.

ஒரு உதாரணம். 2006, 2009 ரெண்டு உலகக் கோப்பையும் ஜெயிச்ச பிலிப்பைன்ஸ் ஜோடி எஃப்ரன் ரேயெஸ், பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே. புஸ்தமாந்தேயோட பிரேக் இடி மாதிரின்னு ஊருக்கே தெரியும். எஃப்ரனை "மந்திரவாதி"ன்னு கூப்பிடறது ஒளிஞ்சிருக்கிற பந்தையும் தேடிப்போய் அடிக்கிறதுக்காக. புஸ்தமாந்தே உடைச்சு, 1-ம் பந்து மறைஞ்சு, எஃப்ரன் ஒரு கிக் அடிச்சு மீட்டா, உங்க அட்டவணையில பேர் யாருக்கு? பிரேக் அடிச்சவருக்கு ஒரு "வெற்றி". மீட்டவருக்கு ஒரு பூஜ்யம்கூட இல்லை, அந்த மாதிரி ஒரு கட்டமே இல்லையே!

பாட் ஃபிளெமிங்கோட அக்யூ-ஸ்டாட்ஸ் ஒரு அருமையான அளவுகோல் கொடுத்துச்சு. போட்ட பந்துகளை, போட்ட பந்துகளும் தப்புகளும் சேர்ந்த கூட்டுத்தொகையால வகுக்கறது. ஒரு ஆள் ஆடுற ஆட்டத்துக்கு அது கச்சிதம். டபுள்ஸ்ல வெள்ளையைத் தப்பான இடத்துல விட்டவர் ஒருத்தர், அதனால பந்தைத் தவறவிட்டவர் இன்னொருத்தர். தப்பு யார் கணக்குல?

"குறை சொல்றியே, நீ என்ன வச்சிருக்கே?"ன்னு கேப்பீங்க. சிம்பிள். ஆள் பேர்ல போடாதீங்க, ஜோடி பேர்ல போடுங்க, யார் உடைச்சார்னு பக்கத்துல குறிச்சுக்குங்க. நாலு கட்டம் போதும்: பிரேக் செல்லுபடியாச்சா, எத்தனை பந்து விழுந்துச்சு, கூட்டாளிக்கு 1-ம் பந்து அடிக்கிற மாதிரி கிடைச்சுதா, அந்த முறையிலேயே ரேக் முடிஞ்சுதா. சதவீதத்துக்குப் பதிலா "5-க்கு 3"னு எழுதுங்க. அஞ்சுதான் இருக்குன்னு பாக்கறவனுக்கே புரியும், அவன் ஒண்ணும் முட்டாள் இல்லை. அடுக்கின முறையை மேல ஒரு வரியில போடுங்க. ஒரு பேனா, ஒரு நோட்டு, வேற செலவே கிடையாது.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா, இந்த நம்பர் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. "அவனுக்கு பிரேக் வராது"ன்னு ஒரு பேர் ஒட்டிக்கிச்சுன்னா அடுத்த வருஷம் அணித்தேர்வு பேச்சு வரைக்கும் அது கூடவே வரும். நாலு பிரேக்கை வச்சு ஒருத்தர் பிழைப்புல கை வைக்கிறோம். ரெண்டு பேர் சேர்ந்து சமைச்ச குழம்புக்கு உப்புப் போட்டவரை மட்டும் நிறுத்தி வச்சு மார்க் போடறது நியாயமா?

மாற்றுக்கருத்து இருக்கிறவங்க தாராளமா வாங்க. ஆனா சதவீதத்தோட வராதீங்க, எத்தனைக்கு எத்தனைன்னு சொல்லிட்டு வாங்க :-)

டிஸ்கி: பிரேக் அடிக்கிறவங்க மேல எனக்கு எந்த வாய்க்கா தகராறும் இல்லை. அவங்க பேரைச் சொல்லி நம்பர் விக்கிறவங்க மேலதான்.