பென்ஷனுக்குப் பிறகு வந்த உண்மை

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பையனோ பெண்ணோ ஐ.ஏ.எஸ். தேறிவிட்டால் போதும், மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் பேனர் எழும்பிவிடும். படித்த பள்ளிக்கூடம், பிறந்த தெரு, சாதிச் சங்கம் எல்லாம் சொந்தம் கொண்டாடும். தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை கலெக்டர் ஆவது சந்தோஷமான விஷயம்தான். அதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் அந்த பேனரோடு ஊரின் அக்கறையும் முடிந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து அந்த அதிகாரி எந்த ஃபைலில் என்ன எழுதினார், எங்கே எழுதாமல் விட்டார் என்று எந்த ஊரும் கேட்பதில்லை. கைதட்டல் நாற்காலிக்குத்தான், அதில் உட்கார்ந்து செய்த வேலைக்கு இல்லை.

இந்த வியாதி சின்ன ஊர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. மொத்தத் தமிழ்நாட்டுக்கும் உண்டு. அதற்கு ஒரு நல்ல உதாரணம் சி.வி.நரசிம்மன்.

பெயரைக் கேட்டதும் பலருக்கு ஞாபகம் வராது. ஆனால் எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடிய கதையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1966 அக்டோபரில், நியூயார்க்கில், ஐ.நா. தினத்தை ஒட்டி நடந்த கச்சேரி. காஞ்சி மடத்துப் பெரியவர் அதற்காகவே 'மைத்ரீம் பஜத' எழுதிக் கொடுத்தார் என்பதையும் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கச்சேரிக்கு எம்.எஸ்.ஸை அழைத்தவர் இந்த நரசிம்மன்தான். தமிழ்ப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியதில் பெரும்பங்கு இந்த ஒரு கச்சேரியைத்தான் சுற்றும். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "ஐ.நா.வில் அவ்வளவு பெரிய பதவியில் ஒரு தமிழர்!" என்று சேர்த்துச் சொல்வார்கள். அதோடு கதை முடிந்தது.

அவர் வாழ்க்கை சாதாரணமானதல்ல. 1915ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1936ல் ஐ.சி.எஸ். ஆனவர். சென்னை மாகாண நிர்வாகத்தில் பல வருஷம், பிறகு டெல்லியில் மத்திய அரசில் சில வருஷம். 1956ல் ஆசிய, தூரக்கிழக்கு நாடுகளுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் நிர்வாகச் செயலராக பாங்காக் போனார். 1959ல் நியூயார்க் தலைமையகம். 1961ல் பொதுச்செயலாளருடைய அலுவலகத்தின் தலைவர். டாக் ஹாமர்ஷீல்ட் விமான விபத்தில் இறந்தபின் வந்த பர்மாக்காரர் ஊ தாண்டிடம், அவருடைய பதவிக்காலம் முழுக்க அதே இடத்தில் இருந்தார். 1978ல் ஓய்வு. 2003ல் மறைவு. இதற்கு நடுவே மகாபாரதத்தை ஆங்கிலத்தில் சுருக்கி மொழிபெயர்த்தார். கொலம்பியா பல்கலைக்கழகம் 1965ல் அதை வெளியிட்டது.

அலுவலகத் தலைவர் என்றால் என்ன? பொதுச்செயலாளர் பார்க்கும் காகிதமும் அவர் சந்திக்கும் தூதரும் பெரும்பாலும் அந்த மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பெயர் வெளியே தெரியாது. ஆனால் எல்லாம் தெரிந்த இடம் அது.

இனி, கச்சேரிக் கதையோடு யாரும் சேர்த்துச் சொல்லாத கதை.

இந்தோனேசியாவுக்குக் கிழக்கே, நியூகினித் தீவின் மேற்குப் பாதி மேற்கு பப்புவா. டச்சுக்காரர்களின் காலனியாக இருந்தது. இந்தோனேசியா சுதந்திரம் அடைந்தபின் அதுவும் தனக்கே வேண்டும் என்றது. சுகர்னோ சோவியத் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்று அமெரிக்கா டச்சுக்காரர்களை நெருக்கியது. 1962 ஆகஸ்ட் 15ல் நியூயார்க்கில் ஒப்பந்தம். அதன்படி அக்டோபர் 1 முதல் நிலத்தை ஐ.நா.வே ஏற்று நடத்தியது. அதற்கு முன் ஐ.நா. எந்த நிலப்பரப்பையும் அப்படி நேரடியாக ஆண்டதில்லை. 1963 மே 1ல் அதை இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தது. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: 1969 முடிவதற்குள் பப்புவா மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். சர்வதேச நடைமுறைப்படி, வயது வந்த ஆண் பெண் அனைவரும் அதில் பங்கேற்கத் தகுதி உடையவர்கள் என்று ஒப்பந்தமே சொன்னது.

நடந்தது என்ன? 1969 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், சுமார் எட்டு லட்சம் மக்களுக்காக ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் கூட்டப்பட்டார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்ததில் இந்தோனேசிய நிர்வாகத்தின் கைதான் ஓங்கி இருந்தது. சுற்றிலும் ராணுவம். வாக்குப்பெட்டி கிடையாது, ரகசிய ஓட்டு கிடையாது. 'கூடிப் பேசி முடிவெடுத்தல்' என்று அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். முடிவு? அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், இந்தோனேசியாவோடு இருக்கிறோம் என்றார்கள்! சங்கரன்கோவில் நகராட்சியில் ஒரு வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கவும் ரகசிய ஓட்டு உண்டு. ஒரு நாட்டின் தலைவிதிக்கு அதுகூட இல்லை. ஆனால் அந்த மண்ணுக்கு அடியில் இருந்த செம்பை வெட்டி எடுக்க ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்க கம்பெனிக்கு ஒப்பந்தம் போட்டது 1967ல், அதாவது மக்களைக் கேட்பதற்கு இரண்டு வருஷம் முன்பு.

இதைப் பார்வையிடப் போன ஐ.நா. பிரதிநிதி பொலிவியாக்காரரான ஓர்டிஸ் சான்ஸ். அவருடைய அறிக்கையில் ஒரு வார்த்தை மாறியது. ஒப்பந்தத்தில் இருந்தது 'சர்வதேச நடைமுறை'. அறிக்கையில் வந்தது 'இந்தோனேசிய நடைமுறை'. ஒரே வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்குள் எட்டு லட்சம் பேர் காணாமல் போனார்கள். அந்த அறிக்கையும் ஊ தாண்டின் குறிப்பும் பொதுச்சபைக்குப் போயின. மக்களுக்கு 1975க்குள் இன்னொரு வாய்ப்பு தர வேண்டும் என்று கானா ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தோற்றது. நவம்பர் 19ல் 84 நாடுகள் ஆதரிக்க, 30 நாடுகள் ஒதுங்கிக்கொள்ள, தீர்மானம் நிறைவேறியது.

ஒப்பந்தம் போட்ட 1962லும் வாக்கெடுப்பு நடந்த 1969லும் பொதுச்செயலாளரின் அலுவலகத் தலைவர் யார்? நரசிம்மன்.

பிறகு 2001 வந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்கு அவர் பேட்டி கொடுத்தார். அந்த வாக்கெடுப்பு வெறும் வெள்ளையடிப்பு என்றார். எப்படியாவது இந்தப் பிரச்சினையைத் தலைமுழுகினால் போதும் என்பதுதான் அன்றைக்கு ஐ.நா.வின் மனநிலை என்றார். பத்து லட்சம் மக்களின் அடிப்படை உரிமை மிதிபட்டதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றார். எந்த ஜனநாயகத்திலும் அப்படி ஒருமனதாக ஓட்டு விழாது என்றும் சொன்னார்.

அவருக்கு அப்போது வயது 86. நடந்து 32 வருஷம் ஆகியிருந்தது.

இங்கே அவருக்காக வாதாட வருகிறவர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள். மூன்றையும் கேட்டுவிடலாம்.

ஒன்று: அவர் வெறும் அதிகாரி. முடிவு எடுப்பது வல்லரசுகள். இவர் என்ன செய்ய முடியும்? உண்மைதான், தடுத்திருக்க முடியாது. ஆனால் யாரும் அவரைத் தடுக்கச் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபோதே சொல்வது வேறு விஷயம். இந்திய நிர்வாகத்தில் தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் ஃபைலில் குறிப்பு எழுதும் வழக்கம் எதற்கு இருக்கிறது? மேலே இருப்பவர் தப்பு செய்யும்போது, கீழே இருப்பவர் மறுத்தார் என்பதற்கு ஒரு வரியாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காகவும்தான். ஐ.நா. சாசனத்தின் 100வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் ஊழியர்கள் எந்த அரசாங்கத்திடமும் உத்தரவு கேட்கவோ வாங்கவோ கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு மாலை போட்டுக்கொள்வதற்காகக் கொடுத்ததல்ல.

இரண்டு: பேசியிருந்தால் வேலை போயிருக்கும். போயிருக்கலாம். ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1971 ஏப்ரலில், பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் ஆட்களைக் கொன்று குவித்தபோது, அங்கே இருந்த அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரிகள் இருபது பேர் தங்கள் சொந்த அரசைக் கண்டித்துத் தந்தி அனுப்பினார்கள். தலைமை அதிகாரி ஆர்ச்சர் பிளட் அதை ஆமோதித்தார். அவரை டாக்காவிலிருந்து திரும்ப அழைத்தார்கள், பதவி உயர்வும் முடங்கியது. ஐ.நா.விலேயே பார்த்தால், ஈராக் மீதான பொருளாதாரத் தடை குழந்தைகளைக் கொல்கிறது என்று சொல்லி டெனிஸ் ஹாலிடே 1998ல் ராஜினாமா செய்தார். ஐ.நா.வில் 34 வருஷம் இருந்தவர். அவர் இடத்துக்கு வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000ல் அதே காரணத்துக்காக விலகினார். முடியாது என்பதல்ல விஷயம். விலை அதிகம் என்பதுதான்.

மூன்று: கடைசியிலாவது சொன்னாரே, அதைக்கூடச் சொல்லாதவர்கள் எத்தனை பேர்? இது நியாயமான வாதம். கூட இருந்த பலர் உண்மையைத் தங்களோடு சேர்த்தே புதைத்துக்கொண்டார்கள். அந்த வகையில் நரசிம்மன் அவர்களைவிட நேர்மையானவர். ஆனால் 2001ல் சொன்ன உண்மையால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, பப்புவாக்காரனுக்கு எந்த லாபமும் இல்லை. அன்றைக்கு ஒதுங்கிக்கொண்ட அந்த 30 நாடுகளின் காதில் அதே வார்த்தை 1969 நவம்பரில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விழ வேண்டிய நேரம் அதுதான்.

இது ஏதோ தூரத்துத் தீவின் கதை என்று தமிழர்கள் கடந்துபோக முடியாது. நாற்பது வருஷம் கழித்து அதே கதை வன்னியில் நடந்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. தன் சர்வதேச ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேற்றியது. 2009ன் முதல் மாதங்களில் எத்தனை பேர் சாகிறார்கள் என்ற கணக்கு ஐ.நா. ஊழியர்கள் கையில் இருந்தது. அதை வெளியிடவில்லை. 2012 நவம்பரில் வந்த ஐ.நா.வின் சொந்த உள் விசாரணை அறிக்கை, சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலானது, அதைத்தான் சொன்னது: ஐ.நா. என்ற அமைப்பே தோற்றது. உள்ளே போக அனுமதி வேண்டும் என்பதற்காக வாயை மூடிக்கொள்வது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. அன்றைக்கு பொதுச்செயலாளரின் அலுவலகத் தலைவர் நாற்காலியில் இருந்தவரும் ஓர் இந்தியர்தான்: முன்னாள் இந்திய வெளியுறவு அதிகாரி விஜய் நம்பியார். ஆள் மாறினார், காலம் மாறியது, அமைப்பின் மௌனம் மட்டும் மாறவில்லை.

முள்ளிவாய்க்காலுக்காக ஐ.நா.வைத் திட்டாத தமிழர் இல்லை. திட்டியது சரி. ஆனால் அதே வாய், அதே கட்டடத்தில் 1966ல் நடந்த கச்சேரியைப் பெருமையாகப் பேசும்போது 1969ஐ ஏன் மறந்துவிடுகிறது? தன் ஆள் உட்கார்ந்திருந்தால் பெருமை, அடுத்தவன் உட்கார்ந்திருந்தால் துரோகமா? பப்புவாக்காரனுக்கு நரசிம்மன் யார் என்று ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்தால், ஈழத்துத் தாயின் கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் நியாயம் சேரும்.

மகாபாரதத்தை மொழிபெயர்த்தவருக்கு அந்தச் சபைக் காட்சி தெரியாமல் இருந்திருக்காது. பாஞ்சாலி நடுச்சபையில் நின்று நியாயம் கேட்கிறாள். எல்லாம் தெரிந்த பீஷ்மர், தர்மம் நுட்பமானது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். எழுந்து இது தப்பு என்று சொல்வது கௌரவர்களில் இளையவனான விகர்ணன். அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை. சேலையை உருவுவது நிற்கவில்லை. இருந்தாலும் அந்தச் சபையில் ஒருவன் அப்போதே பேசினான் என்பது இத்தனை நூற்றாண்டு கழித்தும் நிற்கிறது. பீஷ்மரும் கடைசியில் நிறைய தர்மம் சொன்னார். அம்புப் படுக்கையில் படுத்துக்கொண்டு. எல்லாம் முடிந்த பிறகு.

சங்கரன்கோவிலில் ஒவ்வோர் ஆடியிலும் தபசுத் திருவிழா நடக்கும். கோமதி அம்மன் தவம் இருந்தது, சங்கரனும் நாராயணனும் ஒன்றாய் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. ஒரே உடம்பு, ஒரே நேரம், இரண்டு பாதியும் வெளியே தெரிகிறது. அதிகாரிக்கும் அதுதான் வேண்டும். பதவியில் இருக்கும்வரை அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு மனுஷன் என்று முறை வைத்துக்கொண்டால் நடுவில் சாகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அடுத்த வருஷமும் ரிசல்ட் வரும். பேனரும் எழும்பும். எழும்பட்டும். அந்தப் பிள்ளை ஊருக்கு லீவில் வரும்போது, மாலை போடுவதற்கு முன்னால் யாராவது ஒரு பெரியவர் இதைக் கேட்டால் போதும்: "மேலே இருக்கறவன் தப்பு பண்ணும்போது ஃபைல்ல என்னய்யா எழுதினே?"