சர்வர் வேணுமா, ஒரு ஃபைல் போதுமா?

புதுசா ஒரு அப்ளிகேஷன் எழுத உட்கார்ந்தாலே நம்ம ஆளுங்க முதல்ல பண்றது மைஎஸ்க்யூஎல்லோ போஸ்ட்கிரெஸ்ஸோ இன்ஸ்டால் பண்றதுதான். ஏன்னு கேட்டா, "நாளைக்கு பெருசா வளர்ந்தா?"ன்னு பதில் வரும். அது சரி மக்களே, இன்னிக்கு அந்த சர்வரை யார் மேய்க்கிறது?

ஒரே கம்ப்யூட்டரில் பில் போடற மருந்துக்கடையை எடுத்துக்குங்க. கரண்ட் போய் வந்ததும் டேட்டாபேஸ் சர்வீஸ் எழுந்திரிக்கலைன்னா பில்லிங் அவ்ளோதான். டாக்டர் சீட்டோட நிக்கிறவர்கிட்ட போய் போர்ட், பாஸ்வேர்ட்னு விளக்க முடியுமா?

எஸ்க்யூலைட் பிறந்ததே இந்த மாதிரி ஒரு தலைவலியில்தான். ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்துட்டிருந்தார். பின்னாடி இன்ஃபார்மிக்ஸ் சர்வர். அது படுத்தா இவரோட மென்பொருளும் படுத்துடும், பழி இவர் மேல! சர்வரே இல்லாம நேரா டிஸ்கில் படிச்சு எழுதினா என்னன்னு யோசிச்சு 2000-ல் எஸ்க்யூலைட்டை வெளியிட்டார். இன்னிக்கு ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாத்துக்குள்ளேயும் அது இருக்கு. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். பாதியில் கரண்ட் போனாலும் அரைகுறை பில் அதில் தங்காது.

அதுக்காக எல்லா இடத்துக்கும் அதுவே போதும்னு சொல்ல வரலை. எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் எழுத முடியும். 2010-ல் வந்த டபிள்யூஏஎல் மோடில், ஒருத்தர் எழுதும்போதே மத்தவங்க படிக்கலாம்; எழுதற வரிசை மட்டும் அப்பவும் ஒண்ணுதான். கடை வளர்ந்து நாலு கம்ப்யூட்டர் ஆச்சுன்னு அந்த ஃபைலை நெட்வொர்க் ஷேரில் போட்டுடாதீங்க. அங்கே லாக்கிங்கை நம்ப முடியாது, டேட்டா கெட்டுப்போகும். அப்போ போஸ்ட்கிரெஸ்தான் சரி. ஆளுக்கு ஆள் அனுமதி பிரிச்சுக் கொடுக்கணும்னாலும் அதேதான். எஸ்க்யூலைட்டில் யூசர்ங்கிற சமாச்சாரமே கிடையாது, ஃபைலைத் திறந்தவர் எல்லாத்தையும் பார்த்துடலாம்.

ஆக, டேட்டா எவ்வளவுங்கறது முதல் கேள்வி இல்லை. ஃபைலோட உச்சவரம்பே 281 டெராபைட்! எத்தனை மெஷினிலிருந்து, எத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதறாங்க? இதுக்கு பதில் "ஒண்ணு"ன்னா, சர்வர் போடறது வெட்டிச் செலவுன்னுதான் நான் சொல்வேன்.

"நாளைக்கு வளர்ந்தா?" கோஷ்டிக்கு ஒரு வார்த்தை: எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை வழக்கமா ஆஃபில்தான் இருக்கும், கனெக்‌ஷன் திறக்கும்போதெல்லாம் ஆன் பண்ணுங்க. இன்டிஜர் காலத்தில் எழுத்தைக் கொடுத்தாலும் சத்தமில்லாம வாங்கிக்கும். 2021-ல் வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள் அதைத் தடுக்கும். இந்த ரெண்டையும் முதல் நாளே செஞ்சு வச்சா, பின்னாடி போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறும்போது பாதி வலி குறையும். மருந்துக்கடைக்காரரும் நிம்மதியா பில் போடுவார் :-)