ஊர் நலன்விரும்பிக்கு

மொட்டைப் பெட்டிசம் இந்தப் புத்தளக் கரைக்குப் பழகிய சரக்கு. அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இடக்கையால் கோணலாக எழுதிய எழுத்து. முடிவில், 'இப்படிக்கு, ஊர் நலன்விரும்பி'. வலயக் கல்விப் பணிமனைக்கும் பிரதேச செயலகத்துக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் போன அந்தத் தாள்களால் இடமாற்றம் வாங்கிய ஆசிரியர்கள் உண்டு. குழம்பிப்போன கலியாணங்களும் உண்டு. ஆனாலும் பெட்டிசத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. முத்திரை ஒட்ட வேண்டும், தபால் போய்ச் சேர வேண்டும், வாங்கியவர் மனம் வைத்தால் விஷயம் குப்பைக் கூடையோடு முடிந்துவிடும்.

இப்போது நலன்விரும்பி கைபேசிக்குள் குடிவந்துவிட்டார். முகப்பில் ஒரு நடிகரின் படம், போன மாதம் திறந்த கணக்கு, உள்ளே யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டு. ஓர் இளம் ஆசிரியையின் படத்தை அவருடைய பக்கத்திலிருந்தே எடுத்து, கீழே அரை வரி எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பொய் சொன்னார் என்றுகூட அவரைப் பிடிக்க முடியாது, கேள்விதானே கேட்டார்! சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழும். சுபஹு பாங்குக்கு முன்னரே அந்தப் படம் முந்தலைத் தாண்டி, கட்டாரில் வேலை செய்யும் அண்ணனுக்கும் இத்தாலியில் இருக்கும் பழைய வகுப்புத் தோழிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கேட்டால், 'சும்மா பகிடிக்கு' என்பார்.

இந்த நிலைக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: முகமூடியைக் கழற்று. அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் யாரும் கணக்குத் திறக்கக் கூடாது. பெயர் தெரிந்தால் பயம் வரும், பயம் வந்தால் வாய் அடங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் இந்த மாவட்டமும் இந்த நாடும் பட்டதை வைத்துப் பார்த்தால், இந்த மருந்து நோயைத் தொடாது என்றே இவ்விதழ் கருதுகிறது.

2019 மே 12 ஞாயிற்றுக்கிழமை சிலாபத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 21 தேவாலயக் குண்டுவெடிப்புகள் முடிந்து மூன்றே வாரம். பேஸ்புக்கில் ஒரு வாய்த்தகராறு. எங்களை அழவைப்பது கடினம் என்று ஒருவர் சிங்களத்தில் எழுதி, முஸ்லிம்களைக் குறிக்கும் ஓர் இழிசொல்லையும் சேர்த்திருந்தார். சிலாபத்துத் துணிக்கடைக்காரர் ஒருவர் அதற்கு ஆங்கிலத்தில் பதில் போட்டார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதுதான் அதன் பொருள். வேறொரு நாளில் கோபத்தில் விட்ட ஒரு வார்த்தையாகக் கழிந்திருக்கும். அன்றைக்கு அதன் ஸ்கிரீன்ஷொட் கைக்குக் கை போனது. அடுத்த தாக்குதலுக்கான முன்னறிவிப்பு என்று அதற்குப் பொருள் கற்பிக்கப்பட்டது. கடைக்குக் கல் விழுந்தது, கடைக்காரர் கைதானார். மறுநாள் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்குப் பரவியது. எங்கள் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி தம் பட்டறையடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கி, நாடு முழுவதும் ஊரடங்கு போட்டது.

இதில் பெயர் மறைத்தவர் யார்? மாட்டிக்கொண்டவர் தம் சொந்தப் பெயரில் எழுதியவர்; கடை எங்கே என்று ஊருக்கே தெரிந்திருந்ததால்தான் கல் குறி தவறாமல் விழுந்தது. இழிசொல்லால் சீண்டியவரின் பெயர் இன்று யார் நினைவிலும் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பி அனுப்பிப் பெருக்கியவர்களோ நூற்றுக்கணக்கானவர்கள். எல்லோருக்கும் பெயர் இருந்தது, முகம் இருந்தது. அவர்களில் பலர் தாங்கள் ஏதோ தவறு செய்ததாக இன்றும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அதற்கு முந்திய ஆண்டின் கதையும் இதேதான். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியை நம்பி, சிங்களம் சரியாகப் புரியாத ஒரு முஸ்லிம் உணவகத்துக்காரரைச் சூழ்ந்துநின்று கேட்டுத் தலையாட்ட வைத்துப் படம்பிடித்தார்கள். அந்த வீடியோ பரவி ஒரு வாரம் கழிவதற்குள் கண்டி மாவட்டத்தின் திகன பற்றியெரிந்தது. அங்கே ஆட்களைத் திரட்டியவர்கள் கமராவுக்கு முன் முகத்தைக் காட்டியே பேசினார்கள். 2019 மே மாதம் குருநாகல் மருத்துவமனையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்ற கதையோ ஒரு தினசரியின் முதற்பக்கத்தில் அச்சேறியது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, பின்னர் அவர் பணிக்குத் திரும்பினார். ஆனால் அந்தப் பழியைச் சுமந்த ஆண்டுகளை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. 2014 செப்டெம்பரிலேயே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இருபது பேஸ்புக் குழுக்களை ஆராய்ந்து வெறுப்புப் பேச்சு பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டிருந்தது. குழந்தையைக்கூட விடாதே, கொல் என்ற பொருளில் சிங்களத்தில் வந்த பதிவுகள் முறையிடப்பட்டபோது, விதிகளை மீறவில்லை என்ற பதில் திரும்பி வந்தது. சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த ஆட்களைப் போதிய அளவில் வைத்துக்கொள்ளாமலே இந்நாட்டில் வியாபாரம் நடத்திய பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. கொட்டாரமுல்லைத் தச்சர் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

இனிப் பெயருக்கு வருவோம். கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவருக்குப் பெயர் என்பது வெறும் பெயராக இருக்கலாம். இந்தக் கரையில் அது இன்னார் என்று காட்டிக்கொடுத்துவிடும். உடப்பில் திரௌபதையம்மனுக்குத் தீமிதிக்கும் தமிழர், கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம்கள், 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து கொட்டில் போட்டவர்கள், பாட்டி தமிழில் ஜெபித்திருக்கப் பேத்தி சிங்களத்தில் பூசை காணும் கத்தோலிக்கர் எனப் பலர் கலந்து வாழும் இடம் இது. பெயரைச் சொன்னதுமே இனமும் மதமும் தெரிந்துவிடும். 1983 ஜூலையில் தெருவில் வாகனங்களை மறித்துப் பெயர் கேட்டவர்களை மறந்தவர்கள்தாம் 'பெயரைச் சொல்வதில் என்ன பயம்' என்று கேட்க முடியும்.

பெயரைக் காட்டி எழுதியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்ப்போம். 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரான ராஜனி திராணகம, அரசையும் இயக்கங்களையும் ஒருசேர விமர்சித்தவர். 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின்னும் யாழ்ப்பாணத்து மனித உரிமை அறிக்கைகள் வெளிவந்துகொண்டிருந்தன என்றால், பலர் மறைவிலிருந்து தகவல் கொடுத்ததால்தான். புத்தளத்தில் தமிழாசிரியராக இருந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' தொகுப்பை அட்டையில் தம் பெயரோடுதான் வெளியிட்டார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் உண்டு. 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதாகி 19 மாதங்கள் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை செய்தது. பெயர் போட்டு எழுதிய கவிஞன் சிறையில் கிடந்த அதே மாதங்களில் நம் நலன்விரும்பிகள் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பெயரை மறைப்பது தனியாக ஒரு பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. யாருக்குப் பயந்து மறைக்கிறோம், யார்மேல் எறிகிறோம் என்பதில்தான் தர்மம் இருக்கிறது. அமைச்சருக்குப் பயந்து அமைச்சரைப் பற்றி எழுதுபவர் தம் உயிரைக் காக்க மறைக்கிறார். இறால் பண்ணைக் கழிவு களப்பில் விடப்படுவதைச் சொல்ல நினைக்கும் கூலியாள் தம் சோற்றைக் காக்க மறைக்கிறார். ஓர் ஆசிரியையின் நடத்தையைப் பகிடி பண்ணுபவருக்கு அந்த ஆசிரியையிடம் என்ன பயம்? அவருக்குப் பயமே இல்லை. பதில் சொல்ல மனமில்லை, அவ்வளவுதான். தம்மைவிடப் பலமானவரை நோக்கி மறைவிலிருந்து பேசுவதையும், பலவீனமானவரை மறைந்திருந்து அடிப்பதையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம் எப்போதும் முதலாமவரைத்தான் பிடிக்கும். இரண்டாமவருக்கு அடுத்த கணக்குத் திறக்க ஐந்து நிமிடம் போதும்.

இது ஊகம் அல்ல. தென்கொரியா 2007இல் பெரிய தளங்களில் கருத்துச் சொல்ல உண்மையான அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. வசை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; 2011இல் ஒரே ஊடுருவலில் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. மறு ஆண்டு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியையே செல்லாதென்றது. தமிழ்நாட்டில் 2012 ஒக்டோபரில் பாடகி சின்மயியை டுவிட்டரில் ஆபாசமாகத் தாக்கியவர்கள் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் பாய்ந்தது. கைதானவர்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். அதே மாதம், அதே பிரிவு, புதுச்சேரியில் மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ஒரு வரி எழுதிய சிறுதொழிலதிபரையும் பிடித்தது. 2015 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. மனித உரிமை உடன்படிக்கையின் பெயரால் 2007இல் வந்த ஐசிசிபிஆர் சட்டத்தில் வெறுப்புப் பேச்சைத் தடுக்கவென்றே ஒரு பிரிவு எழுதப்பட்டது. 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த உடையில் இருந்த கப்பற்சுக்கான் படத்தைத் தர்மச் சக்கரம் என்று பொலிஸ் எடுத்துக்கொண்டபோது, அந்தப் பெண்ணை வாரக்கணக்கில் மறியலில் வைக்க அதே சட்டம் உதவியது. 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்பதைப் பார்க்க ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் பெரும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. பெண்களையும் சிறுவர்களையும் காப்பதற்கு என்றுதான் இதையும் கொண்டுவந்தார்கள்.

அப்படியானால் அந்த ஆசிரியைக்கு யார் துணை? கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட தீங்கு நேர்ந்ததென்று காட்டினால், நீதவான் உத்தரவிட்டு அந்தக் கணக்கின் பின்னால் இருப்பவரை வெளிக்கொணரலாம். அதற்கு நாட்டில் உள்ள எல்லோரின் பெயர்களையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. முறைப்பாடு கொடுக்கப் போகும் பெண்ணிடம் 'நீங்கள் ஏன் படம் போட்டீர்கள்' என்று கேட்காத ஒரு பொலிஸ் உத்தியோகத்தர், அவருடைய மொழி தெரிந்தவராக, ஒவ்வொரு நிலையத்திலும் வேண்டும். இந்நாட்டு மக்களின் மொழிகளில் பதிவுகளை வாசிக்கவும் உரிய நேரத்தில் அகற்றவும் ஆள் வைக்காத நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: ஊரே சேர்ந்து முகமூடி கழற்றப் புறப்படக் கூடாது. இன்னார்தான் அந்தக் கணக்கு என்று சந்தேகத்தின் பேரில் ஒரு பெடியனின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் குழுவில் போடுபவரும் அந்த நலன்விரும்பியின் தொழிலைத்தான் செய்கிறார்.

சிற்றிதழ்க்காரர்களான எங்களுக்கும் இதில் கடமை உண்டு. புனைபெயரில் எழுத விரும்புபவருக்கு இந்தப் பக்கங்கள் தொடர்ந்து திறந்தே இருக்கும். ஆனால் அவர் யாரென்பது ஆசிரியர் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கு வந்தால் எங்கள் பெயரில் வரட்டும். புனைபெயரில் கொள்கையைத் தாக்கலாம், பதவியைத் தாக்கலாம், படைப்பைக் கிழிக்கலாம். ஒருவரின் குடும்பத்தையும் உடலையும் நடத்தையையும் தொடும் ஒரு வரிகூட வராது. தாக்கப்பட்டவரின் மறுப்பு, தாக்குதல் வந்த அதே இடத்தில் அதே அளவில் வரும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அப்படி ஒரு படம் உங்கள் குழுவுக்கு வரும்போது, சிரிக்கும் முகத்தை அழுத்துவதற்கு முன், இதை அந்தப் பெண்ணின் உம்மாவுக்கு முன்னால் உங்கள் வாயால் வாசிப்பீர்களா என்று பாருங்கள். மாட்டீர்கள் என்றால் அனுப்பாதீர்கள். குழுவில் உள்ள ஒருவராவது 'இது சரியில்லை, அழியுங்கள்' என்று தம் பெயரிலேயே எழுதட்டும். நலன்விரும்பி தனியாக யாரையும் அழித்ததில்லை. அவருடைய தாளைக் கையில் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தவர்கள்தாம் அழித்தார்கள்.